அம்மா முதல் தடவை இறந்த மத்தியானம்

எங்கள் பக்கத்தில், மனைவியைக் கல்யாண வீட்டுக்கு அனுப்பாத புருஷன் உண்டு. கோயில் கொடைக்கு அனுப்பாதவன் உண்டு. கூடப்பிறந்தவள் மகளுடைய சடங்குக்குக்கூட அனுப்பாதவன் உண்டு. ஊர் அவனை ஒன்றும் சொல்லாது. "ஆள் கொஞ்சம் கண்டிஷன்" என்று பெருமையாகப் பேசிக்கொள்ளும். ஆனால் துட்டி என்று வந்துவிட்டால் எவனும் தடுக்க முடியாது. சாவைத்தான் நாங்கள் துட்டி என்போம். பிறந்த வீட்டுத் துட்டிக்குப் பெண்டாட்டியை அனுப்பவில்லை என்றால், நாளைக்கு அவன் வீட்டுத் துட்டிக்கு ஈ காக்கை வராது. சாமிக்குப் பயப்படாதவனும் அதற்குப் பயப்படுவான்.

என் சித்தி மகளுக்கு அந்த ஒரு வாசல்தான் மிச்சம் இருந்தது.

சித்தி சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். என்னைவிட ரொம்ப இளையவள். பசுவந்தனையைத் தாண்டி ஒரு கரிசல் ஊரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தீப்பெட்டி ஆபீசில் போர்மேன். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. விசாரித்த இடத்தில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். குடிக்காமல் அடிப்பவனைக் கண்டுபிடிக்க எங்களிடம் கேள்வியே இல்லை.

அவன் வேலைக்குப் போகும்போது இரும்புக் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவான். போன் அவன் சட்டைப் பையில். இவள் என்னோடு பேச வேண்டும் என்றால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பான். ஒருமுறை பல். ஒருமுறை மணிக்கட்டு. ஒருமுறை எது என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

நான் செய்யாததில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினேன். அவன் என் காலில் விழுந்தான், எல்லாரும் காப்பி குடித்தோம். ஸ்டேஷனுக்குப் போனேன், இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள், அந்த வாரம்தான் மணிக்கட்டு. பெண்களுக்கான உதவி எண்ணில் பேசியதில், இரண்டு அம்மாக்கள் ஜீப் பிடித்து அந்த ஊருக்கே போனார்கள். நல்லவர்கள். அவன் அவர்களுக்கு மோர் கொடுத்தான். அவன் நிற்க, இவள் "கிணத்தடியில வழுக்கிட்டேன்" என்றாள். அந்த வீட்டில் கிணறே கிடையாது. திரும்பும் வழியில் ஒரு அம்மா எனக்குப் போன் செய்தார்.

"சார், அவன் நெழல் படாத எடத்துல ஒருக்க அவளக் கொண்டாந்து நிறுத்திருங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

அவன் நிழல் படாத இடம். எனக்கு உத்தியோகம் ஸ்பின்னிங் மில் ஆபீசில். ஓய்வு நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். வீட்டில் இரண்டு அலமாரிப் புத்தகம். அடக்குமுறை பற்றி உலகம் எழுதியதில் ஒரு பகுதியையாவது அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன். அந்த அடிக்கோடுகளை வைத்துக்கொண்டு ஒரு கேட்டுப் பூட்டை என்ன செய்வது? அவன் இல்லாத நேரம் போய், வெளியே நின்றபடி கம்பி வழியாக அவளுடைய சின்ன மகள் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். ஜெயிலில் பார்க்கப் போகிறவனுக்காவது உட்கார ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள்.

அப்போதுதான் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கையை விரிக்காத குறை. அன்றிலிருந்து தங்கச்சியிடமிருந்து போன் அடிக்கடி வந்தது. சாகக் கிடக்கும் பெரியம்மையை விசாரிப்பதை எப்படித் தடுப்பான்? அவனே போட்டுக் கொடுத்தான்.

"பெரியம்மைக்கு எப்படிண்ணே இருக்கு?"

"அப்படியேதான் இருக்காட்டி."

"மூச்சு?"

"வாங்குது."

"சாப்பாடு எறங்குதா?"

"எங்க? டிரிப்ஸ்தான் ஓடுது."

"சரிண்ணே" என்பாள்.

பிறகு அம்மா தேறிவிட்டாள். இட்லி கேட்டாள். சட்னியில் உப்பில்லை என்று என் மனைவியைத் திட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று தங்கச்சி கூப்பிட்டபோது நான்தான் முந்திக்கொண்டேன்.

"தேறிட்டாட்டி! நாளைக்கு வீட்டுக்கு விடுதாங்க."

லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படியாண்ணே" என்றாள். "நல்லதுண்ணே."

பரீட்சை முடிவில் தன் நம்பரைத் தேடிக் காணாத பிள்ளையின் குரல் அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் என் அம்மா சாவதற்காகக் காத்திருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தன்னை வளர்த்தவள் போனால்தான் அவளுக்குக் கேட் திறக்கும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொந்தத்தில் வேறு யார் சாகக் கிடக்கிறார்கள் என்றுதான் மனசு ஓடியது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தேன். கழுகுமலையில் தூரத்து மாமா ஒருவருக்குச் சர்க்கரை முற்றிக் கால்விரலை எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மறுநாளே ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். "எம் மேல ஒனக்கு இவ்வளவு பாசமாலே" என்று கண் கலங்கினார். நான் ஏமாற்றத்தோடு பஸ் ஏறினேன். மனிதன் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதற்கு நான் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே, எழவு விழுந்த மாதிரி ஏன் இருக்க? நாந்தான் சாகலையே."

சொன்னேன். சொல்லக் கூடாதுதான்; ஆனால் அந்த வாரம் தங்கச்சிக்கு மறுபடி பல் போயிருந்தது என்று அவள் தெருக்காரர் ஒருவர் சந்தையில் சொல்லியிருந்தார். அம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டாள். சுளையில் இருந்த நாரை எல்லாம் எடுத்து முடித்தாள்.

"அப்ப செத்துட்டேன்னு சொல்லு."

"அம்மா!"

"என்னலே அம்மா? நெசமாச் செத்தா எனக்கு என்ன லாபம்? அவ வந்து அழுவுறது காதுல விழவா போவுது? இப்பன்னா கேட்டுக்கிடலாம்லா."

"நடக்குற காரியமா அத்தை?" என்றாள் என் மனைவி. பத்து நிமிஷம் கழித்து அவளே வந்து, "பின்வாசல்ல ஆட்டோ வந்து நிக்க முடியும்" என்றாள்.

துட்டி வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆண் உள்ளே வந்து மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே போட்டிருக்கும் நாற்காலிக்குப் போய்விட வேண்டும். பெண் உள்ளேயே இருந்து அழ வேண்டும். எவ்வளவு கண்டிஷனான புருஷனும் பெண்டாட்டியைக் கைவிட்டு விலகி நிற்கும் ஒரே இடம் அதுதான். எங்கள் வீடு கோவில்பட்டி பைபாசுக்கு அப்பால், மனை போட்டு விற்ற கரிசல் காட்டில் இருக்கிறது. அக்கம்பக்கம் என்றால் ஒரே ஒரு வீடு, அதில் ஒரு டீச்சர். விஷயத்தைச் சொல்லி, அவர்கள் சர்ச் சபையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கேட்டேன். "பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னுதான் இருக்கு சார், நாற்காலி குடுக்கக் கூடாதுன்னு இல்ல" என்று அனுப்பிவைத்தார். கரிசல் மண் வீங்கி நிலை சாய்ந்ததால் எங்கள் பின்கதவு பாதிதான் திறக்கும். தங்கச்சி மெலிந்துபோயிருந்த இருப்புக்குப் பாதி போதும்.

உதவி எண் அம்மாக்களைப் பஸ் ஸ்டாண்டில் ஜீப்போடு நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு காலையில் தங்கச்சி வீட்டுக்குப் போன் செய்தேன். அவன்தான் எடுத்தான். "அம்மா போயிட்டா மாப்பிள்ள" என்றேன். சொல்லும்போது எதிரில் அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. போனில் அது நன்றாக எடுபட்டிருக்க வேண்டும்.

அம்மாவை ஹாலில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டி, நெற்றியில் காசு வைத்து, மூக்கில் பஞ்சு வைத்தாள் என் மனைவி. "மூக்கு அரிக்குதுட்டி" என்றாள் அம்மா. "செத்தவுக சொறியக் கூடாது அத்தை, பேசாமப் படுங்க." மேலே போர்வை, பக்கத்தில் ஊதுபத்தி. ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக வைத்தோம்.

அவர்கள் இருவரும் பைக்கில் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. அவர்கள் தெருவே அதில் இருந்தது. சம்பந்த வீட்டுத் துட்டிக்குத் தெருவோடு போவது அந்த ஊர் வழக்கம். இது எனக்குத் தெரியாததல்ல. நானே அப்படி வேனில் போயிருக்கிறேன். ஆனாலும் என் திட்டத்தில் அந்த வேன் இல்லை.

ஆண்கள் முதலில் வந்தார்கள். மாப்பிள்ளை பெரிய ரோஜா மாலை வாங்கியிருந்தான். அம்மாவின் கழுத்தில் சாத்திவிட்டு, "தாயில்லாப் பிள்ளைக்குத் தாயா இருந்தீயளே அத்தை" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். நடிப்பு இல்லை. அவன் எப்போதும் நன்றாக அழுவான். அடித்த பிறகும் இப்படித்தான் அழுவானாம். நான் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. என் அம்மாவிடம் இவ்வளவு மூச்சடக்கம் இருந்தது டாக்டருக்குத் தெரியாது.

அவன் வெளியே போனான். பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் அவள். "ஏ பெரியம்மை" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து நெஞ்சில் விழுந்தாள். அம்மா பல்லைக் கடித்தபடி, அவள் காதோடு சொன்னாள்:

"அழாதட்டி. பொறவாசல்ல ஆட்டோ நிக்கி. போ."

அவள் அப்படியே உறைந்துபோனாள். பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தொட்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணும் உறைந்துபோனாள். அவள் எதிர்வீட்டுக்காரி, இவள் மதினி என்று கூப்பிடுகிறவள். அவள் கை அம்மாவின் பாதத்தில் இருந்தது. பாதம் சூடாக இருந்தது.

என் மனைவி இவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்தாள். மகன் என்ற உரிமையில் நானும் பின்னால் போனேன். கதவின் பாதித் திறப்பில் ஆட்டோவின் மஞ்சள் தெரிந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"பிள்ளை?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய நாலு வயது மகள் வரவில்லை.

"துட்டி வீட்டுக்குப் பச்சப் பிள்ளையக் கூட்டிட்டு வரக் கூடாதுல்லண்ணே. மதினி வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

இதுவும் எனக்குத் தெரியாததல்ல. சாவு வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்ணை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. கதவு, ஆட்டோ, நாற்காலி, மூக்குப் பஞ்சுவரை யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. பிள்ளையை அனுப்பவே அனுப்பாத ஒரு காரியத்தைத் தேடிப் பிடித்து, அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"நீ முதல்ல போ. பிள்ளைய நான்..."

"மாட்டேன். நான் இல்லன்னா கோவத்த அவ மேல காட்டுவாரு." அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "நீங்க ஏன்ணே இப்படிப் பண்ணீக? நான் இப்ப எப்படித் திரும்பிப் போவேன்? பெரியம்மை உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா என்னக் கொன்னே போட்டுருவாரே."

வெளியே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஹாலில் அழுகை மெல்ல நின்றுகொண்டிருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலி கட்டி உள்ளே விட்ட ஆட்டைப்போல அவளை நானே கொண்டுவந்து அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மதினி பின்கட்டுக்கு வந்தாள். எங்களை மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டியிருப்பாள். முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்ஸப் பிடி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இந்த வீட்டு அக்கா நிப்பா, அவ கையில குடு. யார் கேட்டாலும் ஊசி போடப் போறேன்னு சொல்லு. எதுக்குன்னு இப்பக் கேக்காத."

வைத்துவிட்டு, இவளிடம், "நீ போய் ஆட்டோவுல உக்காரு" என்றாள். என்னிடம், "பஸ்ஸு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒங்க அம்மை செத்துத்தான் கெடக்கணும்" என்றாள்.

என் மனைவியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். மதினி ஹாலுக்குப் போனாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, இதுவரை நான் கேட்டிராத குரலில் ஓங்கி அழ ஆரம்பித்தாள். மற்றப் பெண்கள் தயங்கினார்கள். ஒருத்தியின் கழுத்தைக் கட்டி இழுத்து ஏதோ காதில் சொன்னாள்; அவளும் சேர்ந்தாள். அவள் அடுத்தவளை இழுத்தாள். அப்படியே வட்டம் கட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, எல்லாரும் அழுதார்கள். அவர்கள் மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரிகள். ஒருத்தியாவது வாசலுக்கு எழுந்து போவாள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தியும் எழவில்லை. யாருக்காக அழுதார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே ஆண்களிடம் நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

"கொட்டுமேளம் ஏதும் சொல்லலையா அண்ணாச்சி?" என்றார் ஒருவர்.

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டா."

"ஐஸ் பெட்டி?"

"வந்துக்கிட்டிருக்கு."

"எப்ப எடுக்கீக மச்சான்?" என்றான் மாப்பிள்ளை.

"மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் வரணும்."

"யாரு?"

"பெரியப்பா மகன்."

எனக்குப் பெரியப்பாவே கிடையாது. அவன் சொந்தத்தை மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வாசற்படிவரை போய் உள்ளே எட்டிப் பார்த்தான். இருட்டில் முதுகுகள்தான் தெரிந்தன. தலைவிரிகோலமான ஒரு வட்டம். "அவ எங்க?" என்றான். மதினி திரும்பாமலே, "நடுவுல மயங்கிக் கெடக்கா, நீ வெளிய போ தம்பி" என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். ஆண் நுழையக் கூடாத இடத்தில் ஒரு கால் வைத்திருந்தவன், அதை எடுத்துக்கொண்டான்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. என் அலமாரியில் இருக்கும் நாத்திகர்கள் மன்னிக்கட்டும்.

மனைவியிடமிருந்து போன் வந்தது. "பிள்ளை கைக்கு வந்துட்டு. ஜீப்புல ஏறிட்டோம்." உள்ளே போய் மதினியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அழுகை சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில் அம்மா நாடிக்கட்டை அவிழ்த்தாள். இருமினாள். ரோஜா மாலையோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஆண்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள்.

"மாப்பிள்ள, எம் பிள்ளைய நான் வச்சுக்கிட்டேன்" என்றாள்.

அவன் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. என்னை அடித்தான். ஒரே அடிதான், கண்ணாடி தெறித்தது, காதுக்குள் வெகுநேரம் மில் ஓடியது. இவ்வளவுதானா என்று தோன்றவில்லை. இதையா அவள் அத்தனை வருஷம் வாங்கினாள் என்றுதான் தோன்றியது. வேன்காரர்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். மதினி அதே வேனில், அவனுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து போனாள்.

இதை இங்கே முடித்திருந்தால் என் கட்டுரைகளைப்போலச் சிரித்துவிட்டு எழுந்திருக்கலாம். கேஸ் இன்னும் நடக்கிறது. அவளும் பிள்ளையும் ஒரு ஊரில் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். அவன் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் வந்து உட்கார்ந்திருப்பான். சண்டை போட மாட்டான். டீ குடித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

போன ஐப்பசி மழையில் அம்மா இரண்டாம் தடவை இறந்தாள். இந்த முறை நாடிக்கட்டு கட்டும்போது ஒன்றும் சொல்லவில்லை. நான் தங்கச்சிக்குப் போன் செய்து, "அம்மா போயிட்டாட்டி" என்றேன்.

"நெசமாவாண்ணே?"

"நெசமா. நீ வராத."

"எப்படிண்ணே வராம இருப்பேன்?"

"அவன் வந்து முன்வரிசையில உக்காந்திருக்கான். ஒனக்காகத்தான். வராத. போன வைக்காத, பையில போட்டுக்கிடுதேன். கேட்டுக்கிட்டு இரு."

துட்டிக்கு வருகிறவனை யாரும் போ என்று சொல்ல முடியாது. பூட்டிய கேட்டைத் திறக்க நாங்கள் பிடித்த அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வந்திருந்தான். கையில் ரோஜா மாலை. போட்டுவிட்டு அழுதான். பிறகு சபை நாற்காலியில் உட்கார்ந்து, வந்து நிற்கும் ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்தான். உள்ளே மதினி அழுதுகொண்டிருந்தாள். அவள் குரல் எனக்கு இப்போது அடையாளம் தெரியும். மழை விட்டிருந்தது. கரிசல் சேறு எல்லார் காலிலும் அப்பியிருந்தது.

"எப்ப எடுக்கீக மச்சான்?" என்றான். "யாரும் வரணுமா?"

சட்டைப் பையில் போன் நெஞ்சோடு சூடாக இருந்தது.

"இல்ல" என்றேன். "யாரும் வரணும்னு இல்ல. எடுத்துர வேண்டியதுதான்."

அம்மாவைத் தூக்கும்போது போனைக் காதில் வைத்துப் பார்த்தேன். லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வராமல் அழ அவளுக்கு நல்ல பழக்கம்.